தம்பிக்கு ஒரு வயது

சென்ற மாதம் என் தம்பியின் முதல் பிறந்த நாளுக்குப் போயிருந்தேன். தம்பிக்கு வயது 43. தலையில் பாதி நரைத்து விட்டது. மூத்த பெண் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அப்படிப்பட்டவனுக்கு முதல் பிறந்த நாளா என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. விஷயம் குடியைப் பற்றியது. "நம் வீட்டில் அந்தத் தொந்தரவு கிடையாது" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விட வேண்டாம். தொடர்கதை எங்கும் ஓடி விடாது. அடுத்த வாரமும் வரும். உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் நாத்தனார் வீட்டில் இருக்கலாம். எதிர் வீட்டில் இருக்கலாம். பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள் வீட்டில் இருக்கலாம். அந்த அம்மாள் வீட்டில் இருந்தால் நமக்குத் தெரிந்து விடுகிறது. வீங்கின கன்னத்தோடு வந்து நின்று அவளே சொல்லி விடுகிறாள். நாத்தனார் வீட்டில் இருந்தால்தான் தெரிவதில்லை. நம்மைப் போன்ற குடும்பங்களில் நகையைக் கூட இவ்வளவு பத்திரமாக ஒளித்து வைப்பதில்லை.

தம்பியைப் பற்றி எழுத அவனிடம் அனுமதி வாங்கி விட்டேன். "பெயர் மட்டும் வேண்டாம், அக்கா. கூச்சப்பட்டுச் சொல்லவில்லை, எங்கள் கூட்டத்தின் வழக்கம் அப்படி" என்றான். அவன் மனைவியிடமும் கேட்டேன். "தாராளமாக எழுதுங்கள். ஆனால் என்னை நளாயினி, சாவித்திரி என்று ஏதாவது எழுதினீர்களோ, அப்புறம் உங்களோடு பேச மாட்டேன்" என்றாள். ஆகையால் இதில் நளாயினியும் இல்லை, சாவித்திரியும் இல்லை.

தம்பி நல்ல உத்தியோகத்தில் இருப்பவன். ஆரம்பத்தில் சிநேகிதர்களோடு சனிக்கிழமை மட்டும். பிறகு வெள்ளிக்கிழமையும் சேர்ந்து கொண்டது. பிறகு வாரத்தில் எல்லாக் கிழமையும் சனிக்கிழமையாகி விட்டன. இதற்கு மேல் விஸ்தரிப்பானேன்? எல்லா வீட்டிலும் இந்தக் கதை ஒன்றுபோலத்தான் நடக்கிறது. சத்தியம் செய்தான், திருப்பதியில் ஒரு தடவை, குலதெய்வத்தின் முன்னால் ஒரு தடவை, பெண்ணின் தலையில் கை வைத்து ஒரு தடவை. அப்போதெல்லாம் அவன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. மனப்பூர்வமாகத்தான் சொன்னான். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மனசு அவனிடம் இருக்காது, அவ்வளவுதான்.

கடைகளை மூடி விட்டால் தீர்ந்தது என்பார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். மூடியும் பார்த்தார்கள், திறந்தும் பார்த்தார்கள். 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் தளர்ந்தது; 1974-ல் திரும்பி வந்தது; 1981-ல் மறுபடியும் போயிற்று. 2003-ம் வருஷக் கடைசியிலிருந்து சில்லறைக் கடைகளையும் சர்க்கார் நிறுவனமே நடத்துகிறது. இது சட்டசபையில் பேச வேண்டிய விஷயம், பேசட்டும். நமக்கோ இன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர் எப்படி வருகிறார் என்பதுதான் கவலை.

ஒரு வருஷத்துக்கு முன் தம்பி ஆபீஸ் மாடிப்படியில் விழுந்து விட்டான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேதான் குடியும் நின்றது. இந்த இடத்தில் கதையை நிறுத்தி விட்டு இரண்டு விஷயங்களை அடித்துச் சொல்ல வேண்டும்.

வருஷக் கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் சட்டென்று நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. கை நடுங்கும்; வேர்த்துக் கொட்டும்; தூக்கம் போய்விடும். சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று பிதற்றுகிறவர்களும் உண்டு. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. "அறையில் போட்டுப் பூட்டு, நாலு நாளில் தெளிந்து விடும்" என்று வீட்டில் யாராவது வைத்தியம் சொன்னால் தயவு செய்து கேட்காதீர்கள். டாக்டர் பக்கத்தில் இருந்தே நிறுத்த வேண்டிய வியாதி இது.

இன்னொன்று, 'குடிப்பவருக்குத் தெரியாமலே காப்பியில் கலந்து கொடுக்கலாம்' என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். டைசல்பிரம் என்று ஒரு மருந்து உண்டு. குடியை நிறுத்த அது உதவும் என்பதை 1940-களின் கடைசியில் டென்மார்க் தேசத்து விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். அதைச் சாப்பிட்டவர் கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து, மார்பு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிப் போகும். நோயாளி தெரிந்து சம்மதித்து, டாக்டர் பார்வையில் எடுத்துக் கொண்டால் உபயோகமான மருந்துதான். தெரியாமல் கொடுத்தால்? அவர் வழக்கம்போல் குடித்து விட்டு வருவார். இருதயம் பலவீனமாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து டைசல்பிரமோ வேறொரு பொடியோ, பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள்? தம்பி மனைவிக்கும் ஒருவர் அனுதாபத்தோடு அப்படி ஒரு பொட்டலம் கொண்டு வந்து கொடுத்தார். நல்ல வேளை, அவள் அதைச் சாக்கடையில் கொட்டி விட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார். "உடம்பை நாங்கள் பார்த்துக் கொண்டோம். மற்றதை இவர்கள் பார்த்துக் கொள்வார்கள்" என்றாராம். அதுதான் ஏ.ஏ. என்று சொல்லப்படும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. பெயரை வெளியிடாத குடிநோயாளிகளின் கூட்டம் என்று வைத்துக் கொள்ளுங்கள். குடித்து அவதிப்பட்டு நிறுத்தினவர்களும், நிறுத்த விரும்புகிறவர்களும் கூடிப் பேசுகிற இடம். சந்தா இல்லை, சிபாரிசு இல்லை. நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், உள்ளே வந்து உட்காரலாம். கடைசியாகக் குடித்த நாளிலிருந்து அங்கே வயதைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்குப்படிதான் தம்பிக்கு ஒரு வயது பூர்த்தியாயிற்று.

பிறந்த நாள் கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம் என்றான் தம்பி. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரி இருந்தது அவன் குரல். நான் அவன் மனைவியை அழைக்கப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"நான் வரவில்லை, அக்கா."

"ஏனம்மா? நீ இல்லாமலா?"

"பதினாலு வருஷம் நான் கெஞ்சினேன். அழுதேன். பட்டினி கிடந்தேன். குழந்தையைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். எனக்காக விடவில்லை. முன்பின் தெரியாத பத்துப் பேர் பெஞ்சியில் உட்கார்ந்து பேசினார்கள், விட்டு விட்டார். நல்லதுதான். எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் அங்கே வந்து கை தட்டு என்று மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்."

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்குமா? கணவன் குடிக்கிறபோது மனைவி படுகிற பாட்டைப் பற்றி எத்தனையோ சினிமா வந்து விட்டது. அவன் நிறுத்தின பிறகு அவளுக்கு உண்டாகும் இந்த வயிற்றெரிச்சலைப் பற்றி யாரும் படம் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. படம் முடிகிற இடத்துக்குப் பிறகு நடக்கிற சமாசாரம் அல்லவா இது?

நான் தனியாகத்தான் போனேன்.

மாதா கோயிலை ஒட்டின ஒரு பள்ளிக்கூடம். மாலை ஏழு மணி. ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் கூட்டம். கரும்பலகையில் பின்னக் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. பத்து வயதுக் குழந்தைகள் உட்காருகிற பெஞ்சியில் ஐம்பது வயது மனிதர்கள் முழங்காலை மடக்கிக் கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, கழுத்தில் சிலுவை, கக்கத்தில் ஆபீஸ் பை. சினிமாவில் காட்டுகிற குடிகாரர் ஒருவர் கூட இல்லை. பாங்க் வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் நாம் பார்க்கிற முகங்கள். பெண்கள் இரண்டு பேர். யாரோ ஒருவருடைய மனைவிமார் என்று நான் நினைத்துக் கொண்டிருக்கும்போதே, அவர்களில் ஒருத்தி எழுந்து தானும் ஒரு குடிநோயாளி என்று சொன்னாள். அந்த வார்த்தையை அங்கே யாரும் தயங்கிச் சொல்வதில்லை. "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஒவ்வொருவரும் ஆரம்பிக்கிறார். எல்லோரும் ஒரே குரலில் வணக்கம் சொல்கிறார்கள்.

வழக்கமாக அவர்களுக்குள் மட்டும் கூடுகிற கூட்டங்கள் உண்டு. அதற்கு நாம் போக முடியாது. யார் வேண்டுமானாலும் வரக்கூடிய கூட்டங்களும் உண்டு. இது இரண்டாவது வகை. ஒரு சிறு பிரார்த்தனையோடு தொடங்கியது. தெய்வம் என்றார்கள்; எந்தத் தெய்வம் என்று சொல்லவில்லை. அவரவர் புரிந்து கொண்டபடி என்று விட்டு விடுகிறார்கள். தெய்வ நம்பிக்கை இல்லாதவர்களும் வருகிறார்களாம். பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடவில்லை. பேசி முடித்த பிறகும், "நீங்கள் இப்படிச் செய்திருக்க வேண்டும்" என்று யாரும் சொல்லவில்லை. இருபது பேர் கூடின இடத்தில் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லாமல் ஒன்றரை மணி நேரம் இருந்ததை என் ஆயுளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நம் வீட்டில் ஒரு குழந்தைக்கு ஜலதோஷம் பிடித்தால் எத்தனை பேர் எத்தனை கஷாயம் சொல்லுகிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

நடுவில் ஒரு பை சுற்றி வந்தது. அவரவர் தோன்றியதைப் போட்டார்கள். நானும் கைப்பையைத் திறந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர், "வேண்டாம் அம்மா. வெளியாரிடம் நாங்கள் வாங்குவதில்லை" என்று மெதுவாகத் தடுத்து விட்டார். டீத்தூளும் வாடகையும் அவர்கள் கைக்காசில்தான்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்கிறீர்கள் அல்லவா? சொல்ல மாட்டேன். கூட்டம் ஆரம்பிக்கும்போதே, இங்கே கேட்டதை இங்கேயே விட்டு விட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக் கொண்டார்கள். நானும் தலையை ஆட்டியிருக்கிறேன். என் தம்பி சொன்னதை மட்டும் சொல்லலாம். அதற்கு அவன் அனுமதி இருக்கிறது.

நாலு நிமிஷந்தான் பேசினான். பதினோராவது மாதத்தில் அப்பாவின் திவசத்துக்காக ஊருக்குப் போயிருந்தோம். திரும்பும்போது நான் இரண்டு நாள் தங்கி விட்டேன். அவன் மட்டும் ராத்திரி ரயிலுக்குக் கிளம்பினான். ரயில் தாமதம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கடை. "காலை எடுத்து வைத்து விட்டேன். நடுத் தெருவில் நின்று கொண்டு, இங்கே உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் போனில் கூப்பிட்டேன்" என்றான். அவர் போகாதே என்று சொல்லவில்லையாம். உன் குழந்தைகளை நினைத்துப் பார் என்றும் சொல்லவில்லையாம். "ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாராம். பிறகு தம் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ரிப்பேரான கதையைச் சொல்ல ஆரம்பித்தாராம். ரயில் வருகிற வரையில் நாற்பது நிமிஷம் அந்த மோட்டார் ஓடிக் கொண்டே இருந்ததாம். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பகல் அவன் இலையில் வடை போட்டவள் நான். பிரயாணத்துக்குத் தயிர் சாதம் கட்டிக் கொடுத்தவளும் நான்தான். அடுத்த ஆறு மணி நேரத்தில் அவன் நடுத் தெருவில் நிற்கப் போகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டு விட்டேன். "ஏண்டா, அந்த நேரத்தில் உன் பெண்டாட்டியைக் கூப்பிடத் தோன்றவில்லையா?"

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். பிறகு சொன்னான்: "அவளைக் கூப்பிட்டிருந்தால் பயந்து போயிருப்பாள், அக்கா. அவள் பயந்தால் நான் உடனே பொய் சொல்லுவேன். 'ஒன்றுமில்லை, சும்மாத்தான் கூப்பிட்டேன்' என்பேன். பதினாலு வருஷப் பழக்கம். அந்தப் பொய்யைச் சொல்லி விட்டால் அப்புறம் நேரே கடைதான். அவரிடம் பொய் சொல்ல முடியாது. நான் சொல்லப் போகிற பொய்யையெல்லாம் அவர் எனக்கு முன்னாலேயே சொல்லித் தீர்த்தவர்."

இந்தப் பதிலுக்கு ஒரு பூர்வகதை இருக்கிறது. டீ ஊற்றிக் கொடுத்துக் கொண்டே அந்தப் பெரியவர் சொன்னார். புஸ்தகங்களில் அச்சான விஷயம். ஆகையால் இதைச் சொல்லத் தடையில்லை.

1935-ம் வருஷம் மே மாதம். அமெரிக்காவில் ஓஹையோ ராஜ்யத்தில் ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து பில் வில்ஸன் என்ற பங்கு மார்க்கெட் மனிதர் ஒரு வியாபாரக் காரியமாக வந்தார். காரியம் தோற்றுப் போயிற்று. அவர் குடியை நிறுத்தி ஐந்து மாதந்தான் ஆகியிருந்தது. ஹோட்டல் முன்கூடத்தில் தன்னந்தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். அருகில் ஊரிலுள்ள மாதா கோயில்களின் பட்டியல். இன்னொரு குடிகாரரோடு பேசினால்தான் தாம் தப்பிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. டெலிபோனை எடுத்தார். ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஹென்ரியேட்டா ஸைபர்லிங் என்ற பெண்மணி அகப்பட்டாள். மறுநாள் தன் வீட்டில் டாக்டர் பாப் ஸ்மித் என்பவரைச் சந்திக்க அவள் ஏற்பாடு செய்தாள். டாக்டர் ரண சிகிச்சை நிபுணர், மகா குடிகாரர். எத்தனையோ பேரின் உபதேசத்தைக் கேட்டுப் புளித்துப் போனவர். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று நிபந்தனை போட்டு வந்தார். சாயங்காலம் உட்கார்ந்தவர்கள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் எழுந்தார்கள். ஏனென்றால் பில் உபதேசம் பண்ணவில்லை. தாம் பட்டதைச் சொன்னார். உன்னைத் திருத்த வரவில்லை, எனக்கு உன் உதவி வேண்டும் என்கிற தோரணையில் பேசினார். டாக்டர் கடைசியாகக் குடித்தது 10-6-1935. அதைத்தான் ஏ.ஏ.யின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1957-ல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டுக்காரர் கணக்கு மனுஷர். "இதெல்லாம் நம்பிக்கையா, நிரூபணம் உண்டா?" என்று கேட்டார். தேடிப் பார்த்துச் சொன்னேன். காக்ரேன் என்ற மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு 2020-ல் 27 ஆராய்ச்சிகளை, 10,565 பேர் பங்கெடுத்தவற்றை, ஒன்று சேர்த்துப் பார்த்தது. நோயாளிகளை முறையாக இந்தக் கூட்டங்களில் சேர்த்து விடுகிற சிகிச்சை, அடியோடு குடியை நிறுத்தும் விஷயத்தில் மற்ற மனோதத்துவ சிகிச்சைகளை விட மேலாகவே இருந்தது. அதற்காக எல்லோருக்கும் பலித்து விடும் என்று அர்த்தமில்லை. மறுபடி விழுகிறவர்களும் உண்டு; திரும்பி வந்து அதே பெஞ்சியில் உட்காருகிறவர்களும் உண்டு. தம்பி கூட, "ஒரு வருஷம் ஆயிற்று" என்று சொல்வதில்லை. "இன்றைக்குக் குடிக்கவில்லை" என்றுதான் சொல்கிறான்.

மறுநாள் காலையில் தம்பி மனைவியிடம் போய் உட்கார்ந்தேன். ரயில்வே ஸ்டேஷன் விஷயத்தை அவனே முந்தின ராத்திரி அவளிடம் சொல்லி விட்டிருந்தான். கண் வீங்கியிருந்தது. நான் அந்தப் பேச்சை எடுக்காமல், பில் வில்ஸனின் மனைவியைப் பற்றிச் சொன்னேன்.

அவள் பெயர் லோயிஸ். கணவன் குடித்துக் கிடந்த வருஷங்களில் பெரிய கடை ஒன்றில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கினவள். கணவன் நிறுத்தி விட்டான். பிறகு தினம் தினம் கூட்டம், வீடெல்லாம் குடியை விட வந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்கு நேரமாகிறது, சீக்கிரம் கிளம்பு என்று சாதாரணமாகத்தான் சொன்னான். லோயிஸ் கையிலிருந்த ஷூவைக் கழற்றி எறிந்தாற்போல் அவன் மேல் விட்டெறிந்தாள். உன் கூட்டமும் ஆயிற்று, நீயும் ஆயிற்று என்று கத்தினாள். பிறகு தானே உட்கார்ந்து யோசித்தாள். இத்தனை வருஷம் தன் அன்பினால் முடியாததை யாரோ அந்நியர்கள் முடித்து விட்டார்களே என்கிற ஆத்திரம் அது என்று கண்டுபிடித்தாள். இதை அவளே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறாள்.

தம்பி மனைவி கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஒரு ஷூதானா எறிந்தாள்?" என்று கேட்டாள்.

ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாய் விட்டுச் சிரித்ததைக் கேட்டேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி விட்டது. அது வேறு விஷயம்.

லோயிஸ் அதோடு நிற்கவில்லை. கணவன்மார் உள்ளே பேசிக் கொண்டிருக்கும்போது வெளியே காத்திருந்த மனைவிமார் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அதுவே வளர்ந்து 1951-ல் 'அல்-அனான்' என்ற தனி அமைப்பாயிற்று. குடிக்கிறவரின் மனைவி, கணவன், தாய், தகப்பன், பிள்ளைகளுக்காக. அவர் நிறுத்தியிருந்தாலும் வரலாம். இன்னும் குடித்துக் கொண்டிருந்தாலும் வரலாம். நம் ஊரிலும் நடக்கிறது. அடுத்த சனிக்கிழமை அவளை அழைத்துக் கொண்டு போனேன். வாசல் வரைக்கும் "சும்மா பார்க்கத்தான்" என்று சொல்லிக் கொண்டே வந்தாள்.

அங்கே மற்றவர்கள் பேசினதையும் எழுத மாட்டேன். தம்பி மனைவி பேசினதில், அவள் எழுதலாம் என்று சொன்னதை மட்டும் எழுதுகிறேன். ராத்திரி அவன் தூங்கின பிறகு பையைச் சோதிப்பாளாம். மூச்சை முகர்ந்து பார்ப்பாளாம். பாட்டிலில் பென்சிலால் கோடு போட்டு வைப்பாளாம். காலையில் ஆபீஸுக்குப் போன் செய்து, "அவருக்குக் காய்ச்சல்" என்பாளாம். ஒரு வருஷத்தில் எத்தனை காய்ச்சல் என்று எண்ணினால் ஆஸ்பத்திரியில் அதிசய நோயாளி என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் காய்ச்சல்தான் அவன் வேலையைக் காப்பாற்றியது என்று அவள் நினைத்திருந்தாள். ஒவ்வொரு காய்ச்சலும் மறுநாள் குடிக்க அவனுக்கு ஒரு நாள் லீவு வாங்கிக் கொடுத்தது என்றும் அதே வாயால் சொன்னாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவன் குடித்தது அவளால் அல்ல, அதை அடக்குவதும் குணப்படுத்துவதும் அவள் கையில் இல்லை என்பதை மட்டும் வெவ்வேறு விதமாக, தங்கள் தங்கள் வீட்டுக் கதையாகச் சொன்னார்கள். சமையல் சரியில்லாததால்தான் பிள்ளை வெளியே குடிக்கிறான் என்று எங்கள் அம்மாவே ஒரு காலத்தில் அவளைச் சொன்னதுண்டு. அதைக் கேட்டுக் கொண்டு பதினாலு வருஷம் ரசம் வைத்தவள் அவள்.

பிரிந்து போ என்றும் அங்கே சொல்வதில்லை. பொறுத்துக் கொண்டு இரு என்றும் சொல்வதில்லை. எனக்கு இது ஒன்றுதான் கொஞ்சம் உறுத்தியது. அடி உதை உள்ள வீட்டில் கூட்டத்துக்குப் போவது இரண்டாவது காரியம். குழந்தைகளோடு பத்திரமான இடத்துக்குப் போவது முதல் காரியம். பெண்களுக்கான 181 என்ற டெலிபோன் எண் அதற்கு இருக்கிறது. குடியை நிறுத்த வழி கேட்க 14446 என்ற எண்ணும் இருக்கிறது. காசு கிடையாது. காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள்; உங்களுக்கு வேண்டாமென்றால் பாத்திரம் தேய்க்கிற அம்மாளுக்குச் சொல்லுங்கள்.

குடும்பத்தாருக்கும் சிகிச்சை வேண்டும் என்பது சென்னைக்குப் புதிதல்ல. சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி தம் கணவரைக் குடிநோய்க்குப் பறி கொடுத்தவர். மூலையில் உட்கார்ந்து விடவில்லை. 1980-ல் கணவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் கிளினிகல் ரிஸர்ச் பவுண்டேஷனை ஆரம்பித்தார். அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்றால் பலருக்குத் தெரியும். நோயாளியோடு மனைவியும் வந்து உட்கார்ந்து தெரிந்து கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்கென்னவோ, பத்மஸ்ரீயை விடப் பெரிய விஷயம், 'என் கணவர் குடியால் போனார்' என்று அந்தக் காலத்திலேயே ஊரறியச் சொன்னதுதான் என்று தோன்றுகிறது. நம்மில் பலர் 'மாரடைப்பு' என்று சொல்லி முடித்திருப்போம்.

தம்பி மனைவி இன்னும் அவனுடைய கூட்டத்துக்குப் போகவில்லை. அடுத்த பிறந்த நாளுக்குப் போவாளா என்றும் சொல்லவில்லை. கேட்டால், "அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறாள். ராத்திரி பையைச் சோதிப்பதை நிறுத்தி விட்டாளாம். முதல் இரண்டு நாள் தூக்கமே வரவில்லை என்றாள்.

இரண்டு சனிக்கிழமை நான் துணைக்குப் போனேன். மூன்றாவது சனிக்கிழமை எனக்கு முழங்கால் வலி. அவளே பஸ் பிடித்துப் போய் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்றைக்கு யார் யார் வந்தார்கள்? என்ன பேசினார்கள்?" என்று ஆவலோடு கேட்டேன். தம்பி உள்ளேயிருந்து அவளுக்குக் காப்பி கலந்து எடுத்து வந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் டம்ளரை வாங்கிக் கொண்டாள். "அதெல்லாம் சொல்லக் கூடாது, அக்கா" என்றாள். "உங்கள் முழங்காலுக்குத் தைலம் தடவினீர்களா, இல்லையா?"